உங்களுக்குச் சொதி இல்லை

என் அண்ணன் மனைவியை நான் மைனி என்று கூப்பிடுவேன். ஒரு நாள் சாயங்காலம் மைனி தன் போனை என் கையில் திணித்து, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, அடுப்படிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நான் வாசித்தேன். முதலில் வந்தது கோபம். அதற்கு அடுத்து வந்ததைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவளுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு வழக்கு கிடைத்தால் எப்படி இருக்கும்? பிரிவுகள் ஒவ்வொன்றாக மண்டைக்குள் எழுந்து நின்று "நான் வரட்டுமா, நான் வரட்டுமா" என்று கேட்டன. மைனி கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சிரித்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

மைனி செய்கிற தொழிலைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைப்பார்கள். தேங்காயை மூன்று பாலாகப் பிழிந்து, காய்களையும் பாசிப்பருப்பையும் பின்பாலில் வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்குகிற குழம்பு. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கும். கல்யாணம் நடந்தால்தானா, மனிதனுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதாதா என்று நினைத்தவள் மைனி. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்தே ஞாயிறுதோறும் சொதிச் சாப்பாடு போக ஆரம்பித்தது. கடை கிடையாது, பலகை கிடையாது. டப்பா மூடியில் ஒட்டின சீட்டில் ஒரு போன் நம்பர், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையானால் அது அடிக்க ஆரம்பிக்கும். சனிக்கிழமை அதைச் சார்ஜ் போடக்கூட விடமாட்டார்கள்.

அந்த நம்பருக்குத்தான் ஓர் ஆள் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். தன் வீட்டு மறுவீட்டு விருந்துக்கு மைனியிடம் சொதி வாங்கினவர். முதலில் "சொதி பிரமாதம்" என்று வந்திருக்கிறது. மைனி "ரொம்ப நன்றி அண்ணாச்சி" என்று போட்டிருக்கிறாள். மறுநாளிலிருந்து காலை வணக்கத்தோடு ரோஜாப்பூப் படம். பிறகு "சாப்பிட்டாச்சா?" அதற்கும் பதில்: "ஆச்சு அண்ணாச்சி, நீங்க?" பிறகு செய்த கையைப் பார்க்க வேண்டும், கையை மட்டும் பார்த்தால் போதாது என்று பேச்சு வழுக்கிக்கொண்டே போனது. நடுவில் அப்பட்டமாக அசிங்கமானவை சில வந்ததாகச் சொன்னாள். அவற்றைப் பார்த்த உடனே அழித்துவிட்டு, கைகால் முகம் கழுவிவிட்டு வந்து இஞ்சித் தோலைச் சீவ உட்கார்ந்தாளாம். அழிக்காமல் இருந்தவை எல்லாம் வழுக்கல் ரகம். வெளியாள் வாசித்தால் "இதில் என்னம்மா தப்பு" என்று கேட்கலாம். தினம் வாங்குகிறவளுக்குத்தான் தெரியும்.

சத்தியம் எல்லாம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. அண்ணன் வேலை விட்டு வந்தான், மைனியின் முகத்தைப் பார்த்தான், கேட்டான், விஷயம் வெளியே வந்தது. அவன் ஒரு அரசு அலுவலகத்தில் இருக்கிறான். எந்தப் பிரச்சினையையும் அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டால் தீர்ந்தது என்று நம்புகிறவன்.

"நம்பரை மாத்திரு. சோலி முடிஞ்சது," என்றான்.

அம்மாவும் அதற்குத் தலையாட்டினாள். நாலு பேருக்குத் தெரிந்தால் நமக்குத்தான் அசிங்கம் என்பது அம்மாவின் கட்சி. பழைய வாடிக்கையாளர்களுக்குப் புது நம்பரைச் சொல்லிவிட்டால் போகிறது என்றாள்.

மைனி எப்போதும் மாமியார் பேச்சுக்கு மேல் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பைய, ஆனால் பேசினாள்.

"நம்பரைத்தான் அத்தை எல்லாரும் வச்சிருக்காவ. என்னை யாருக்குத் தெரியும்?"

எனக்கு அந்த நொடியில்தான் விஷயத்தின் கனம் புரிந்தது. டப்பா மூடியில் ஒட்டி எத்தனையோ வீட்டு அடுக்களைக்குள் போய், உறவுக்காரர்கள் போனுக்கெல்லாம் தாவி, மதுரையிலிருந்து ஊருக்கு வருகிறவன் ரயிலில் உட்கார்ந்தே கூப்பிடுகிற நம்பர் அது. அதை மாற்றினால் கடையை இடித்த மாதிரி. தப்பு செய்தவன் வீட்டில் ஒரு செங்கல்கூடப் பெயராது, மைனியின் கடை மட்டும் இடியும். இது எந்த ஊர் நியாயம்?

"ஒரு வாரம் குடு," என்று அண்ணனிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் செய்தி வந்தால் நம்பர் மாறும் என்று கெடு வைத்துவிட்டு அவன் குளிக்கப் போய்விட்டான்.

நம்பரைத் தடுத்து வைக்கலாம் என்பது யாருக்கும் முதலில் தோன்றுவது. மைனி அதை ஏற்கெனவே செய்து பார்த்திருந்தாள். ஆள் வேறு நம்பரிலிருந்து ரோஜாப்பூவோடு வந்துவிட்டார். தடுப்பதால் இன்னொரு நஷ்டமும் உண்டு: அவர் அனுப்புவது நமக்கு வராது, சாட்சியும் சேராது. ஆகவே தடுப்பை எடுத்துவிடச் சொன்னேன். அண்ணன் குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே இணையத்தில் எதையோ தேடிக் கண்டுபிடித்து, தகவல் தொழில்நுட்பச் சட்டம் அறுபத்தாறு ஏ என்று பெருமையாக வாசித்தான். அதை உச்ச நீதிமன்றம் எப்போதோ ரத்து செய்துவிட்டது என்று நான் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட ஆனந்தம், பல்கலைக்கழகத் தேர்வில்கூட ஏற்பட்டதில்லை.

அம்மா தேங்காய் துருவ, மைனி காய் நறுக்க, நான் அடுப்பு மேடையில் ஏறி உட்கார்ந்து பாரதிய நியாய சன்ஹிதாவைச் சத்தமாக வாசித்தேன். பாலியல் சாயலோடு பேசினால் எழுபத்தைந்து. பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கிற சொல்லுக்கு எழுபத்தொன்பது. ஆபாசமாக எதையும் அனுப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அறுபத்தேழு தனியாகக் காத்திருக்கிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் ஆதாரமான அந்த அசிங்கச் செய்திகளை மைனி கழுவித் துடைத்துவிட்டாளே. மிச்சமிருக்கிற ரோஜாவுக்கும் "சாப்பிட்டாச்சா"வுக்கும் எது பொருந்தும்? எழுபத்தெட்டு. பின்தொடர்தல். தெருவில் பின்னால் வந்தால்தான் என்று இல்லை. போனில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயன்றாலும் அதுதான்.

"மாட்டினார் மைனி," என்று சொல்லிக்கொண்டே மிச்ச வரியையும் வாசித்தேன். அங்கே என் குரல் இறங்கியது. அந்தப் பெண் தனக்கு விருப்பமில்லை என்பதைத் தெளிவாகக் காட்டிய பிறகும் தொடர்ந்தால் என்று இருந்தது.

தெளிவாக.

போனை வாங்கி மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். நன்றி அண்ணாச்சி. ஆச்சு அண்ணாச்சி. நல்லது அண்ணாச்சி. "உன் கையைப் பிடிக்கணும் போல இருக்கு" என்பதற்குக் கூட, "வேலை இருக்கு அண்ணாச்சி, பிறகு பார்ப்போம்." பிறகு பார்ப்போமா? எனக்குத் தலை சுற்றியது.

"ஏன் மைனி ஒரு இடத்துலகூட வேண்டாம்னு சொல்லல?"

மைனி கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்குச் சொல்ல வராதுளா," என்றாள்.

அவள் பிறந்தது ஏரலில். அப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் பலசரக்கு வியாபாரம். கடையில் "இல்லை" என்ற சொல் நுழையக் கூடாது என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். உப்பு தீர்ந்திருந்தால் "நாளைக்கு வரும்" என்பார்கள். விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டார்கள், குளிர வைக்கச் சொல்வார்கள். கடன் கேட்டு வருகிறவனிடம்கூட "சாயங்காலமா வாங்களேன்" என்றுதான். சின்ன வயதில் மைனி ஒரு தடவை வாடிக்கையாளர் ஒருவரிடம் சீனி இல்லை என்று சொல்லிவிட்டு, அதற்காகக் கல்லாப்பெட்டிக்குச் சூடம் காட்டி மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்ததாம். அப்படி வளர்ந்தவளிடம் நாடாளுமன்றம் தெளிவாகச் சொல் என்கிறது. நாடாளுமன்றத்தில் ஏரல்காரர் யாரும் அன்றைக்குப் பேசவில்லை போலிருக்கிறது.

நான் இதைச் சொன்னதும் மைனி சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அம்மாவும் துருவியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம் எங்கள் வீட்டில் ஒரு சட்டசபை கூடியது. விஷயம்: ஒரே ஒரு செய்தி எழுத வேண்டும். எனக்கு விருப்பமில்லை, நிறுத்து, என்று. என் வரைவில் எல்லாப் பிரிவுகளும், தண்டனைக் காலமும், "மேற்படி நபராகிய தாங்கள்" என்பதும் இருந்தன. மைனி பாதியில் கொட்டாவி விட்டாள். அண்ணன் எழுதியதை இங்கே எழுத முடியாது. அதை அனுப்பினால் அவர் நம் மேல் வழக்குப் போடலாம் என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டேன். அம்மா சொன்ன வாசகம், "நல்லா இருப்பிய, எங்க பிள்ளைக்கு மெசேஜ் போடாதிய." அதில் ஆசீர்வாதம்தான் தூக்கலாக இருந்தது. அண்ணன் அம்மாவைக் கேலி செய்ய, அம்மா அண்ணனின் அலுவலகக் கடிதங்களைக் கேலி செய்ய, சட்டசபை வழக்கம் போல அமளியில் கலைகிற நிலைக்கு வந்தது.

இதற்கிடையில் மைனி போனை எடுத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் போயிருந்தாள். திரும்பி வந்து நீட்டினாள். அனுப்பியே விட்டிருந்தாள்.

"நீங்கள் அனுப்பும் செய்திகள் எனக்குப் பிடிக்கவில்லை. இனி அனுப்பாதீர்கள். உங்களுக்குச் சொதி இல்லை."

அண்ணாச்சி என்ற சொல்லே அதில் இல்லை. அண்ணன் இரண்டு தடவை வாசித்தான். "கடைசி வரி எதுக்கு?" என்று கேட்டான்.

"அது இருந்தாத்தான் எங்க ஊர்ல புரியும்," என்றாள் மைனி. அவள் முகம் பளிச்சென்று இருந்தது.

ஆள் சும்மா இருந்திருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். எழுபத்தெட்டாவது பிரிவும் புத்தகத்துக்குள்ளேயே தூங்கியிருக்கும். ஆனால் மறுநாள் காலையிலேயே வந்தது: கோபப்பட்டால் இன்னும் அழகாக இருப்பாய் என்று. மத்தியானம் இன்னொரு நம்பரிலிருந்து, நம்பரை மாற்றினாலும் வீடு தெரியும் என்று. அண்ணன் அதை வாசித்துவிட்டு அப்படியே நின்றான். நம்பரை மாற்றிவிட்டால் தீர்ந்தது என்ற அவன் தத்துவம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு, "எந்த ஸ்டேஷன்?" என்று என்னைக் கேட்டான். எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம், எல்லை பார்க்காமல் வாங்க வேண்டும் என்பது புதுச் சட்டம் என்று நான் பிரசங்கம் ஆரம்பித்தேன். கிட்டத்தில் இருப்பதைச் சொல்லு என்றான்.

போகிற வழியில் ஜெராக்ஸ் கடை. செய்திகளை எல்லாம் மேலே நம்பரும் பக்கத்தில் நேரமும் தெரிகிற மாதிரி, ஓரம் வெட்டாமல் படம் பிடித்து வைத்திருந்தேன். கடைக்காரர் கலர் மெஷினில் போட்டுவிட்டார். பக்கம் பக்கமாக ரோஜாப்பூ, தாமரைப்பூ, பனித்துளி, சூரிய உதயம். அடுக்கித் தட்டி எடுத்துக் கொடுத்தவர், கல்யாண ஆல்பத்துக்கா என்று கேட்டார். மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கருமாதிக்கு என்றேன்.

மகளிர் காவல் நிலையத்தில் புகாரை மைனியே தன் கையால் எழுதினாள். நான் சொல்லச் சொல்ல எழுதுவாள் என்று நினைத்தது என் தப்புக் கணக்கு. என்ன வந்தது, எப்போது வந்தது, தான் என்ன சொன்னாள், அதற்குப் பிறகு என்ன வந்தது என்று நேராக எழுதினாள். அழித்துவிட்டதையும் மறைக்காமல் எழுதினாள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர் என்கிற ரசீது கொடுத்தார்கள். அதை நான் வாங்கிப் பார்த்த பார்வையில், இந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பது போல ஏட்டம்மா என்னைப் பார்த்தார்.

மறுநாள் அந்த ஆளை வரவழைத்திருந்தார்கள். நான் மனதில் வரைந்து வைத்திருந்த வில்லன் வேறு. வந்தவர் தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. கூடப் பெரிய மனுஷர் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். சப்-இன்ஸ்பெக்டரம்மா கேட்டதற்கு, விளையாட்டாகப் போட்டது என்றார். அந்தப் பிள்ளைதான் நன்றி நன்றி என்று பதில் போட்டது, பிடித்துத்தான் பேசுகிறது என்று நினைத்துவிட்டேன், இதில் என் தப்பு என்ன என்றார். நான் பயந்த இடம் அதுதான். ஒரு பெண் மரியாதையாகப் பேசியதையே அவளுக்கு எதிராகத் திருப்புகிற இடம்.

சப்-இன்ஸ்பெக்டரம்மா ரோஜாப்பூக்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தார். ஒரு பக்கத்தில் நின்றார். சத்தமாக வாசித்தார்.

"உங்களுக்குச் சொதி இல்லை." நிமிர்ந்து பார்த்தார். "இது எந்த ஊர்லவே பிடிச்சுப் பேசுததா இருக்கு?"

பின்னால் உட்கார்ந்திருந்த ஏட்டம்மா சிரிப்பை இருமலாக மாற்றினார். அந்தச் செய்திக்குப் பிறகு வந்தவற்றையும் சப்-இன்ஸ்பெக்டரம்மா வாசித்தார். வீடு தெரியும் என்ற வரியை இரண்டு தடவை வாசித்தார்.

கூட வந்த பெரிய மனுஷர் அப்போது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வழக்கு, கோர்ட் என்று போனால் இரண்டு பக்கமும் பேர் கெட்டுவிடும், மன்னிப்பு எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன், பெரிது பண்ண வேண்டாம் என்று எல்லாவற்றையும் என் அண்ணனைப் பார்த்தே சொன்னார். "தம்பி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அடுத்த மேசைக்குத் தள்ளுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவனுக்கு வாழ்க்கையில் வராது. அவன் தொண்டையைச் செருமினான்.

"நம்பர் அவளுது. அவளைக் கேளுங்க."

எல்லாரும் மைனி பக்கம் திரும்பினோம். அவள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலமா வாங்களேன் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

"நான் ஒரு தடவை சொல்லிட்டேன் மேடம்," என்றாள். "அவருக்குக் கேக்கல. இனி நீங்க சொல்லுங்க."

முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. நான் ஆசைப்பட்ட அத்தனை பிரிவுகளும் அதில் இல்லை. எழுபத்தெட்டு இருந்தது, எழுபத்தொன்பது இருந்தது, வீடு தெரியும் என்றதற்காக மிரட்டலும் சேர்ந்திருந்தது. புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதை நான் நினைவூட்டுவதற்குள் ஏட்டம்மா கொடுத்துவிட்டார். எனக்குப் பேசக் கிடைத்த கடைசி வாய்ப்பும் போயிற்று.

பிறகுதான் சப்-இன்ஸ்பெக்டரம்மா மெல்லச் சொன்னார்: போனை ஒப்படைக்க வேண்டும். செய்திகளை எங்கள் முன்னாலேயே நகல் எடுத்து, அது இந்தப் போனிலிருந்து எடுத்ததுதான் என்ற சான்றிதழில் மைனியிடம் கையெழுத்து வாங்கினார்கள். கருவி சோதனைக்குப் போகும், திரும்பி வரச் சில வாரம் ஆகலாம். சிம்மை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அன்றைக்குச் சனிக்கிழமை. சார்ஜ் போடக்கூட விடாத சனிக்கிழமை. மைனியின் முகத்தில் அதுவரை இருந்த தெம்பு போய்விட்டது. எந்த நம்பருக்காக இவ்வளவும் செய்தோமோ அது அவள் உள்ளங்கையில் ஒரு நகத்துண்டு அளவுக்குக் கிடந்தது, போட்டுப் பேச ஒரு போன் இல்லை. அண்ணனுடையது அலுவலகப் போன். அம்மாவுடையது வாட்ஸப் கூட இல்லாத பழைய பட்டன் போன்.

நான் என் போனை எடுத்தேன். இரண்டு சிம் போடுகிற போன். படிப்பு, பாட்டு, சிநேகிதிகள், வழி காட்டுகிற வரைபடம் எல்லாம் அதற்குள்தான். அதைக் கையில் வைத்திராத ஒரு முழு நாள் என் நினைவில் இல்லை. குண்டூசியால் குத்தித் திறந்து மைனியின் சிம்மை இரண்டாவது இடத்தில் வைத்தேன். நிலையத்து வாசலைத் தாண்டுவதற்குள் அடித்தது. மைனி எடுத்தாள்.

"வணக்கம் அண்ணாச்சி, உண்டும் உண்டும். எத்தனை பேருக்கு?"

இதை எழுதுகிறபோது வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது, பேராசிரியர்களுக்கும் தெரியாது. அந்த நம்பருக்கு ரோஜாப்பூ வருவது நின்றுவிட்டது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை மறக்க முடியாதபடி அலைய விட்டது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. போன் மைனியிடம், எனவே வரைபடமும் மைனியிடம். ஸ்கூட்டரின் முன்னால் பை, பின்னால் பை. கொக்கிரகுளம் பாலத்தில் ஆற்றுக்காற்று இஞ்சி வாசனையோடு முகத்தில் அடிக்க, தெருத்தெருவாக நிறுத்தி மனிதர்களிடம் வாய்விட்டு வழி கேட்டுக்கொண்டு போனேன். ஒருவர் வழியும் சொல்லி, பையில் என்ன என்றும் கேட்டு, நம்பரும் வாங்கிக்கொண்டார். ஒரு வீட்டில் நான் போனதும் பேரப்பிள்ளைகளை எல்லாம் கை கழுவ அனுப்பினார்கள்.

வெயிலில் வதங்கித் திரும்பி வந்து என் போனை ஆசையோடு கேட்டேன். ஐந்து நிமிடம் கொடுத்தால் போதும், விடுதியில் இருக்கிற சிநேகிதி ஒருத்தி ஒப்பந்தச் சட்டக் குறிப்புகளுக்காகக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள் என்றேன்.

"கூப்பிட்டா, கூப்பிட்டா," என்றாள் மைனி, காதிலிருந்து போனை எடுக்காமலே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடுதிப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொதி சொல்லியிருக்கிறாளாம். குறிப்புகளைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். அதைப் பிள்ளை மறந்துபோயிற்று என்று சொல்லிவிட்டு மைனி அடுத்த அழைப்பை எடுத்தாள்.